பெட்ரோல் மானி பிழை காட்டினால்

மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் உள்ள மானிகளை அவ்வண்டியின் கணக்குப் புத்தகம் என்று சொல்லலாம். தொட்டியில் எவ்வளவு பெட்ரோல் எஞ்சியிருக்கிறது, எஞ்சின் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்பவற்றை ஓட்டுபவர் நேரில் கண்டறிய இயலாது. முள் சொல்வதை நம்பியே அவர் போக வேண்டியிருக்கிறது. கணக்கே எழுதாத சங்கத்தில் அங்கத்தினர் எச்சரிக்கையாக இருப்பர். பொய்க் கணக்கு எழுதும் சங்கத்திலோ, பணம் இருக்கிறது என்று நம்பிப் பெட்டியைத் திறக்கும் நாளில்தான் அது காலி என்பது வெளிப்படும். மானியும் அத்தகையதே. அடியோடு அசையாத முள்ளைக் காட்டிலும், பாதித் தொட்டி இருப்பதாகக் காட்டியபடியே வண்டியை நடுவழியில் நிறுத்திவிடும் முள்தான் அதிகக் கேடு விளைவிப்பது.

நம் அங்கத்தினருள் பழைய வண்டி வைத்திருப்போர் உண்டு. அவற்றுள் முதலாவதாகச் சொல்லத்தக்கது அம்பாஸிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடிப்படையாகக் கொண்டு, 1950களின் இறுதியிலிருந்து மேற்கு வங்கத்து உத்தரபாராவில் செய்யப்பட்டு வந்த அவ்வண்டியின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மாரிஸ் மைனரும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இலங்கைச் சாலைகளில் அதனை இன்றும் காணலாம். இவ்வண்டிகளுக்கு உரிய அசல் உதிரிப் பாகங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கிடைப்பவை எல்லாம் பொருந்துவனவும் அல்ல. ஆகவே, எது கெட்டது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றி எறிவது இருமடங்கு நஷ்டமாகும்.

பெட்ரோல் முள் கோளாறு செய்யும்போது சாதாரணமாக நடப்பது என்ன? முள் தவறாகக் காட்டுகிறது. ஆகவே முள் இருக்கும் மானி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பலகையைப் பிரித்து மானியை மாற்றுகிறார்கள். புதிய மானியும் பழைய பொய்யையே சொல்கிறது. துணியில் ஒரு கோடு விழுந்தால் தேர்ந்த நெசவாளர் துணியோடு மல்லுக்கு நிற்பதில்லை. பாவில் இழை அறுந்ததா, விழுதில் கண் பழுதா, அச்சில் பல் வளைந்ததா என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே செல்கிறார். குற்றம் தோன்றும் இடம் ஒன்று. குற்றம் உள்ள இடம் வேறொன்று. மோட்டார் மானிக்கும் இதுவே விதி. மானியைச் சந்தேகிப்பது கடைசிக் காரியமாக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே வற்புறுத்த விரும்புகிறோம்.

நான்கு உறுப்புகள்

பெட்ரோல் மானி தனித்து வேலை செய்யும் கருவியன்று. நான்கு உறுப்புகள் கூடி இயங்கும் ஓர் ஏற்பாடு அது.

முதலாவது, பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் மிதவைக் கருவி. பட்டறைகளில் இதனை டாங்கி யூனிட் என்றும் ஃப்ளோட் என்றும் சொல்வார்கள். ஒரு மெல்லிய கையின் நுனியில் மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற இறங்க அக்கையும் ஏறி இறங்குகிறது. கையின் மறுமுனையில் உள்ள சிறு தகடு, நெருக்கமாகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச் சுருளின்மீது உராய்ந்து நகர்கிறது. அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்சாரத்திற்கு உண்டாகும் தடை கூடுகிறது அல்லது குறைகிறது. இத்தடையை ஓம் என்னும் அளவால் கணக்கிடுவர்.

இரண்டாவது, அக்கருவியிலிருந்து முகப்புப் பலகை வரை செல்லும் கம்பி. ஆங்கில வண்டிகளில் இது பெரும்பாலும் பச்சை நிறமாகவும், அதன்மேல் கறுப்புக் கோடு உடையதாகவும் இருக்கும். மூன்றாவது, மானி. அதற்குச் சுவிட்ச் வழியாகவும் ஃபியூஸ் வழியாகவும் மின்சாரம் கொண்டுவருவது கோடு இல்லாத பச்சைக் கம்பி.

நான்காவது உறுப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் பாட்டரிக்கே திரும்பினால்தான் வேலை நடக்கும். திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி போடாமல் வண்டியின் இரும்பு உடலையே பயன்படுத்துகிறார்கள். இதற்கு எர்த் என்று பெயர். வாய்க்காலின் தலைமடை எவ்வளவு அகலத் திறந்திருந்தாலும் கடைமடையில் மண் அடைத்துவிட்டால் நீர் ஓடாது. மிதவைக் கருவி தொட்டியைத் தொடும் இடமும், தொட்டி வண்டியின் உடலைத் தொடும் இடமுமே இந்த ஏற்பாட்டின் கடைமடை. மழையும் சேறும் படும் இடமாதலால் அங்கே துரு ஏறுகிறது. பழைய வண்டிகளின் மானிக் கோளாறுகளுள் மிகப் பல இந்தத் துருவிலிருந்தே பிறக்கின்றன.

மானிகளில் இருவகை

பழுது பார்க்கப் புகுமுன், நம் வண்டியில் இருப்பது எவ்வகை மானி என்று அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கில மரபு வண்டிகளில் இருவகைகள் வழங்கின.

முந்திய வகையில் இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். அவை மின்சாரத்தால் காந்தமாகி, இடையே உள்ள சிறு இரும்புத் துண்டை இருபுறமும் இழுக்கும். எந்தச் சுருள் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அதற்கேற்ப முள் நிற்கும். பாட்டரியின் பலம் ஏறி இறங்கினாலும் இரண்டு சுருள்களும் ஒருங்கே ஏறி இறங்குவதால் முள் பெரிதும் மாறுவதில்லை. சுவிட்சைத் திருப்பியதும் முள் சட்டென்று எழும்பும். வண்டி வளைவில் திரும்பும்போது தொட்டியில் பெட்ரோல் அலம்புவதற்கேற்ப முள்ளும் ஆடும். இவ்வகையில், தொட்டி காலியானால் மிதவைக் கருவியின் தடை பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். தொட்டி நிறைந்தால் தடை சில பத்து ஓம்களாக உயரும்.

பிந்திய வகை 1960களின் நடுவில் ஆங்கில வண்டிகளில் பரவியது. இதில் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்று உண்டு. அதன்மேல் சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடினால் தகடு சூடேறி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். சூடேற நேரம் ஆவதால் முள் மெதுவாக ஏறும், மெதுவாகவே இறங்கும். வளைவுகளில் ஆடாது. இவ்வகையில் தடையின் முறை நேர்மாறானது. தொட்டி காலியானால் ஏறத்தாழ 250 ஓம். நிறைந்தால் 20 ஓமை ஒட்டிய அளவு.

வண்டி வெளிவந்த ஆண்டை மட்டும் பார்த்து வகையை முடிவு செய்தல் ஆகாது. பல கைகள் மாறிய வண்டியில் எந்தப் பட்டறை எதை மாற்றியதோ யார் அறிவார்? முள்ளின் நடத்தையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஒரே துரு, இரண்டு பொய்கள்

இருவகைகளின் வேறுபாடு ஏட்டுச் செய்தியன்று. வழியில் நிற்கப் போகிறோமா இல்லையா என்பதே அதைப் பொறுத்தது.

எர்த் சேரும் இடத்தில் துரு ஏறினால் அது புதிதாக ஒரு தடையை உண்டாக்குகிறது. மிதவைக் கருவி காட்டும் தடையோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது. பிந்திய வகை மானியில் தடை கூடினால் முள் கீழே இறங்கும். தொட்டியில் பாதி இருக்கும்போதே கால்தான் இருக்கிறது என்று அது பயமுறுத்தும். இது தொல்லைதான், ஆனால் ஆபத்து அன்று. நாம் தேவைக்கு முன்னரே பெட்ரோல் போட்டுக்கொள்வோம்.

முந்திய வகையிலோ தடை கூடினால் முள் மேலே ஏறும். கால் தொட்டி இருக்கும்போது பாதிக்கு மேல் இருப்பதாகச் சொல்லும். கம்பி முழுதும் அறுந்துபோனால், தொட்டி வறண்டிருந்தாலும் முள் நிறைவுக் கோட்டையும் தாண்டி நிற்கும். இரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியும், ஈரம் படக்கூடாத நூல் மூட்டைகளோடு மழைக்கு முந்த விரையும் வண்டியும் நடுவழியில் நின்றுவிடுவது இத்தகைய முள்ளை நம்பித்தான். ஆகவே முந்திய வகை மானி உள்ள வண்டியில் முள் எப்போதும் நிறைவைக் காட்டுமானால் அதை நல்ல சகுனமாகக் கொள்ளற்க. அன்றே பார்க்க வேண்டிய பழுது அது.

சோதனைக்கு முன்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே பறந்து போய்விடாமல் தரையோரத்திலும் பள்ளத்திலும் தங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தீப்பொறி போதும். ஆதலால் கீழ்க்கண்டவற்றைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டும்.

வேலையைத் திறந்த வெளியில் செய்க. பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. தொட்டிப் பக்கத்துக் கம்பியைக் கழற்றுமுன்பும் பூட்டுமுன்பும் பாட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுக. சோதனைக்கான இணைப்புகளை முதலில் செய்துவிட்டு, அதன் பின்னரே பாட்டரியை இணைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் இணைக்கும்போது எழும் பொறி பாட்டரியின் அருகில் எழுமேயன்றித் தொட்டியின் அருகில் எழாது. தொட்டி திறந்திருக்கும்போது எந்த மின்சோதனையும் செய்யக் கூடாது.

தேவையான சாமான்கள் சிலவே. பன்னிரண்டு வோல்ட் சிறு பல்பில் இரண்டு கம்பிகளைக் கோத்த சோதனை விளக்கு ஒன்று, சில முழக் கம்பி, உப்புத்தாள், ரேடியோ பழுது பார்க்கும் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் 22 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. மல்டிமீட்டர் இருந்தால் நலம்.

சோதனையின் வரிசை

முதற்படி, பலகையில் வேறு எவை வேலை செய்யவில்லை என்று பார்ப்பது. பெட்ரோல் முள்ளோடு பிரேக் விளக்கும் துடைப்பானும் சேர்ந்து நின்றிருந்தால் குற்றம் பெரும்பாலும் இவற்றுக்குப் பொதுவான ஃபியூஸில் இருக்கும். ஃபியூஸ் எரியாமல் இருந்தும் அதைப் பிடித்திருக்கும் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறி மின்சாரத்தைத் தடுப்பதுண்டு. உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி, மானியின் பின்புறத்துக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பது. சுவிட்சைப் போட்டு, சோதனை விளக்கின் ஒரு கம்பியை மானிக்கு வரும் பச்சைக் கம்பியின் முனையிலும் மற்றொன்றை வண்டியின் சுத்தமான இரும்பிலும் வைத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸுக்கும் மானிக்கும் இடையில் எங்கோ இழை அறுந்திருக்கிறது. பிந்திய வகை மானியில் இச்சோதனைக்கு ஒரு விசேஷம் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

மூன்றாம் படியே மிக முக்கியமானது. பாட்டரியைக் கழற்றிவிட்டு, மிதவைக் கருவியில் சேரும் கம்பியைக் கழற்றுக. அதன் நுனி எதன்மீதும் படாதபடி துணி சுற்றித் தொட்டியிலிருந்து தள்ளி வைக்கவும். பாட்டரியை மறுபடி இணைத்துச் சுவிட்சைப் போடுக. முள் சட்டென்று நிறைவுக் கோட்டுக்குப் பாய்ந்தால், மானி முந்திய வகையைச் சேர்ந்தது என்பதும், அதற்கு மின்சாரம் வருகிறது என்பதும் விளங்கும். முன்னே எந்நேரமும் காலி என்று காட்டிய முள் இப்போது பாய்ந்தால், குற்றம் கம்பியிலன்று; மிதவைக் கருவியில்தான். மாறாக, முன்னிருந்தே நிறைவில் நின்ற முள் அங்கேயே நின்றால், சுவிட்சை நிறுத்தி, பாட்டரியைக் கழற்றி, அக்கம்பியின் நுனியைச் சிறிது தூரத்தில் உள்ள சுத்தமான இரும்போடு இணைத்து, மீண்டும் பாட்டரியைப் பூட்டிப் பார்க்கவும். முள் காலிக்கு இறங்கினால் கம்பியும் மானியும் குற்றமற்றவை. மிதவைக் கருவியோ அதன் எர்த்தோதான் பழுது. இறங்காவிட்டால் கம்பி நடுவில் அறுந்திருக்கிறது.

கம்பியைக் கழற்றியபின் முள் காலியிலேயே கிடந்தால் இரண்டில் ஒன்று. மானி பிந்திய வகையாக இருக்கலாம். அல்லது முந்திய வகையாகி, கம்பி எங்கோ தோல் உரிந்து உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். இதனைப் பிரித்தறிய நம் ரெசிஸ்டர் உதவும். முன்போலவே பாட்டரியைக் கழற்றிய பிறகு, கம்பியின் நுனிக்கும் சுத்தமான இரும்புக்கும் இடையில் அதைக் கட்டி, பின் பாட்டரியை இணைத்துச் சுவிட்சைப் போட்டு ஒரு நிமிஷம் பொறுத்திருக்கவும். முள் நிதானமாக ஏறி நிறைவை அடைந்தால் மானி பிந்திய வகை. அதுவும் கம்பியும் நன்றாகவே இருக்கின்றன. கூடுமானால் 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் கட்டிப் பார்க்கலாம். முள் நடுவை ஒட்டி நிற்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிந்திய வகை மானியின் கம்பியை ரெசிஸ்டர் இல்லாமல் நேரே இரும்பில் தொட்டுப் பார்க்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. அதனால் மானிக்குள் இருக்கும் மெல்லிய சுருள் அளவுக்கு மீறிச் சூடேறும். நல்ல மானியும் சோதனையினாலேயே கெட்டுப்போகக் கூடும். இரண்டொரு ரூபாய்ச் சாமானைச் சிக்கனப்படுத்தப் போய் மானியை இழக்க வேண்டாம்.

நான்காம் படி, எர்த் சோதனை. கழற்றிய கம்பியை மிதவைக் கருவியில் திரும்பப் பூட்டுக. பாட்டரி கழன்றிருக்கும்போதே, கருவியின் உலோக விளிம்பிலிருந்து வண்டியின் உடலில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓரிடத்திற்குத் தனிக் கம்பி ஒன்றைக் கட்டுக. பிறகு பாட்டரியை இணைத்துப் பார்க்கவும். முள் சரியாகிவிட்டால் நோய் துருதான். அந்தக் கம்பியை அப்படியே நிலையாக முறுக்கிப் பூட்டிவிடலாம். கம்பி ஒரு முழம், திருகாணி ஒன்று, வேலை கால் மணி நேரம், செலவு அவ்வளவே. பலகையைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யாதவர் வீண் செலவு செய்தவரே ஆவார்.

மிதவைக் கருவியை எடுத்துப் பார்த்தால்

மேற்சொன்ன சோதனைகள் மிதவைக் கருவியையே சுட்டினால் அதை வெளியே எடுக்க வேண்டியதுதான். அது தொட்டியின் பக்கவாட்டில் இருந்தால் முதலில் பெட்ரோலை வடித்துக்கொள்ள வேண்டும். அதைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி உதவாது, பொறி எழும். மரத்துண்டோ பித்தளைத் துண்டோ கொண்டு தட்டுக.

எடுத்தபின் தொட்டியின் வாயை மூடிவிட்டு, கருவியை வேறிடம் கொண்டுபோய்ப் பார்க்கவும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பெட்ரோல் சலசலக்கிறதா? சலசலத்தால் மிதவையில் ஓட்டை விழுந்து, அது பெட்ரோலில் மூழ்கிக் கிடந்திருக்கிறது. மூழ்கிய மிதவை இருவகை மானிகளிலும் காலி என்றே காட்டும். உலோக மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் மிதவையின்மேல் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஒருபோதும் வைக்கலாகாது, அது வெடிக்கும். புதிய மிதவை போடுவதே நேரிய வழி.

அடுத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் கருவியின் முனையிலும் அதன் உடலிலும் வைத்து, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். தடை சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவே ஓரிடத்தில் எண் திடீரென்று காணாமற்போனால் அங்கே சுருளின் கம்பி தேய்ந்து அறுந்துவிட்டது. முள் முக்கால் வரை ஒழுங்காக இருந்து, பாதிக்கு வரும்போது மட்டும் குதிக்கும் வண்டிகளின் மர்மம் இதுதான். தடை சரியாக இருந்து, முள் மட்டும் எப்போதும் ஒரே அளவு கூட்டியோ குறைத்தோ காட்டினால் மிதவையின் கை வளைந்திருக்கும். மெல்ல நிமிர்த்தினால் போதும். திரும்பப் பூட்டும்போது பழைய காஸ்கெட்டைப் போடாமல் பெட்ரோலுக்கு உகந்த புதியதைப் போடுக.

இரண்டு முட்களும் சேர்ந்து பிழைத்தால்

பிந்திய வகை மானிகள் பாட்டரியின் பலத்தை நம்பி இருப்பவை. எஞ்சின் ஓடும்போது பலம் கூடும். விளக்குகள் எரியும்போது குறையும். அதற்கேற்ப முள்ளும் ஏறி இறங்கினால் கணக்கு ஒவ்வாது. ஆகவே இவற்றுக்கு முன்னே ஸ்டெபிலைசர் என்னும் சிறு பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் மானிக்கும் மின்சார வெப்ப மானிக்கும் பொதுவாக அது ஏறத்தாழ 10 வோல்ட் அளவில் மின்சாரம் கொடுக்கிறது. கொடுக்கும் முறை வேடிக்கையானது. உள்ளே உள்ள தகடு சூடேறி வளைந்து தொடர்பைத் துண்டிக்கும்; ஆறியதும் மீண்டும் தொடும். இவ்வாறு விட்டுவிட்டுக் கொடுப்பதன் சராசரியே 10 வோல்ட். மடையை மாறிமாறித் திறந்தும் அடைத்தும் வயலுக்கு அளவாக நீர் விடுவது போன்றது இது.

ஆகவே பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே சமயத்தில் பிழை செய்யுமானால் இரண்டு மானிகளும் ஒன்றாகக் கெட்டன என்று எண்ண வேண்டாம். ஸ்டெபிலைசரைப் பார்க்கவும். இரண்டும் கீழேயே கிடந்தால் அதற்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதிலிருந்து வெளியே போகவில்லை. இரண்டும் அளவுக்கு மீறி ஏறினால் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது அப்பெட்டியின் எர்த் விட்டுப்போயிருக்கும். எர்த் இல்லாவிட்டால் உள்ளேயுள்ள தகடு சூடேறாது; சூடேறாவிட்டால் தொடர்பு துண்டிக்கப்படாது; பாட்டரியின் முழு பலமும் மானிகளுக்குப் போகும். பெட்டியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைத் தேய்த்துப் பூட்டினாலே பலமுறை குணமாகிவிடும்.

இரண்டாம் படியில் சொன்ன விசேஷம் இதுவே. நல்ல ஸ்டெபிலைசருக்குப் பின்னால் சோதனை விளக்கை வைத்தால் அது நிலையாக எரியாமல் கண் சிமிட்டும். சிமிட்டுவதே ஆரோக்கியத்தின் அடையாளம். எண்களால் காட்டும் மல்டிமீட்டரை வைத்தால் எண் நிலைகொள்ளாமல் தாவும். அதைக் கண்டு பழுது என்று முடிவு செய்ய வேண்டாம்.

இப்போது அசையும் பாகமில்லாத மின்னணு ஸ்டெபிலைசர்கள் விற்பனைக்கு வருகின்றன. அவை நிலையாகவே 10 வோல்ட் கொடுப்பவை. ஆனால் வாங்குமுன் ஒன்று பார்க்க வேண்டும். 1960களின் பிற்பகுதி வரை வந்த ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய தகட்டு ஸ்டெபிலைசர் இரு முறைக்கும் பொதுவாக உழைத்தது. மின்னணுப் பெட்டி அப்படியன்று; முனை மாறினால் அக்கணமே கெட்டுவிடும்.

வெப்ப மானியைப் பற்றி ஒரு சொல்

பெட்ரோல் முள் ஏமாற்றினால் வண்டி நிற்கும். வெப்ப முள் ஏமாற்றினால் எஞ்சினே போய்விடும். வெப்ப மானியிலும் இருவகை உண்டு. பழையது மின்சாரம் வேண்டாதது. எஞ்சினில் செருகிய குமிழிலிருந்து பலகை வரை மெல்லிய குழல் ஒன்று ஓடும். உள்ளே ஈதர் என்னும் திரவம் இருக்கும். அது சூடேறி ஆவியாக, அதன் அழுத்தம் முள்ளைத் தள்ளும். இக்குழலை வெட்டினாலும் மடக்கினாலும் மானி இறந்துபடும். பலகையைப் பிரிப்போர் முதலில் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வகையாயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது. வெப்பத்தை அறியும் முனை நீரில் மூழ்கியிருக்கும்போதுதான் சரியாகச் சொல்லும். ரேடியேட்டர் நீர் முழுதும் கசிந்துபோய் முனை வெறுமையில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கக் கூடும். ஓடும் வண்டியில் வெப்ப முள் காரணமின்றிச் சட்டென்று விழுந்தால் மகிழ வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி நிறுத்துக. எஞ்சின் நன்கு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

மாற்று வாங்கும்போது

மானியோ மிதவைக் கருவியோ மாற்றியே தீர வேண்டும் என்றானால் இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தனவா என்று பார்த்து வாங்குக. முந்திய வகை மானிக்குப் பிந்திய வகை மிதவைக் கருவியைப் பூட்டினால் தொட்டி நிறைந்திருக்கும்போது முள் தாழும், காலியாகும்போது ஏறும். கடையில் உருவம் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு ஏமாறாமல் ஓம் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். மல்டிமீட்டரை உடன் கொண்டுபோய் அளந்து வாங்குவது இன்னும் உத்தமம்.

பழுது தீரும்வரை மட்டுமன்று, எந்நாளும் கைக்கொள்ளத் தக்க வழக்கம் ஒன்று உண்டு. வண்டியில் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்து, பெட்ரோலை நிறையப் போடும் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் எண்ணையும் லிட்டரையும் எழுதி வருக. நாலைந்து முறை எழுதினால் ஒரு லிட்டருக்கு வண்டி எவ்வளவு ஓடுகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு முள் என்ன சொன்னாலும் தொட்டியில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று நாமே கணக்கிடலாம். முள்ளும் நோட்டும் ஒத்துப்போகாத நாளில் பழுது தொடங்கிவிட்டது என்று அறியலாம். கிலோமீட்டர் எண் ஓடாத வண்டியானால் அதைத்தான் முதலில் பழுது பார்க்க வேண்டும்.

பட்டறைக்கு வண்டியை அனுப்பும்போதும் “மானி கெட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள்” என்று சொல்லி அனுப்ப வேண்டாம். “கம்பியைக் கழற்றினால் முள் இப்படிப் போகிறது, எர்த் கட்டினால் இப்படி நிற்கிறது” என்று சொல்லி அனுப்புக. நோயின் குறியை விவரமாகச் சொல்லும் உடையவருக்கு மெக்கானிக் வேலையும் சுருக்கமாக முடியும். பில்லும் சுருக்கமாகவே வரும். ஃபியூஸ், மின்சாரம், கம்பி, எர்த், மிதவை, ஸ்டெபிலைசர் என்று வரிசை தவறாமல் பார்த்து வந்தால் மானியைக் கழற்றும் அவசியம் அநேகமாக நேராது. நேர்ந்தாலும், வேறு எதுவும் கெடவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு செய்யும் செலவாக அது இருக்கும்.